யார் கையெழுத்து செல்லும்? அமெரிக்கப் பெண்களின் மூன்று தலைமுறை: வாசகர் கேள்வி – பதில்

பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைக்குள் அமெரிக்கப் பெண்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து எடுத்தவை இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 1974 வரை அமெரிக்கப் பெண்ணால் வங்கிக் கணக்குகூடத் தொடங்க முடியாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளச் சட்டத் தடை இல்லை. மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே சேரும் என்ற பழைய ஆங்கிலேயச் சட்டமரபை மாநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தளர்த்தத் தொடங்கிவிட்டன. மிசிசிப்பி 1839-லும் நியூயார்க் 1848-லும் சட்டம் போட்டன. ஆகவே 1950-களில் ஒரு பெண் தன் சம்பளத்தை வங்கியில் போடுவதில் வியப்பு ஏதும் இல்லை.

அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது கடன். வேலையில் இருக்கும் பெண் கிரெடிட் கார்டு கேட்டால் கணவனின் கையெழுத்தைக் கேட்டார்கள். கார்டு வந்தாலும் அவன் பெயரில்தான் வந்தது. தன் பெயரில் கணக்கு வைத்திருந்தவள் கல்யாணம் ஆனதும் கணவன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்டால், மனைவி பிள்ளை பெறும் வயதில் இருக்கிறாள் என்று சொல்லி அவள் சம்பளத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்த வங்கிகள் உண்டு, ஒரு டாலரைக்கூட எடுக்காத வங்கிகளும் உண்டு. இனி பிள்ளை பெறமாட்டாள், அல்லது கருத்தடை செய்துகொள்கிறாள் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்ன இடங்களும் இருந்தன. இவையெல்லாம் 1972-ல் தேசிய நுகர்வோர் நிதி ஆணையம் நடத்திய விசாரணையில் பதிவானவை.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் விதவைகளும் விவாகரத்தானவர்களும். இருபது வருஷம் தவணை தவறாமல் கட்டியது அவளாகவே இருக்கலாம். ஆனால் பதிவு முழுக்க அவன் பெயரில் இருந்ததால், அவன் போன மறுநாள் அவள் கடன் உலகத்தில் பெயரே இல்லாதவள் ஆனாள்.

1974 அக்டோபரில் அதிபர் ஃபோர்டு சமவாய்ப்புக் கடன் சட்டத்தில் கையெழுத்திட்டார். லூசியானாவைச் சேர்ந்த லிண்டி பாக்ஸ் அப்போது காங்கிரசுக்குப் புதியவர். வங்கிக் குழுவில் மசோதாவின் வரைவு வந்தபோது, பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் பாலினம், திருமண நிலை என்ற சொற்களைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, நகலெடுத்து, உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்.

இன்று அந்தச் சட்டத்தின் கீழ் நடைமுறை இப்படி இருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக வந்து 30 நாளுக்குள் கடன் கொடுப்பவர் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ‘எங்கள் உள்விதிப்படி தகுதி இல்லை’ என்று மழுப்பினால் செல்லாது. கடிதத்தில் காரணம் இல்லையென்றால் 60 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்கக் கூடாது. பகுதிநேர வேலை என்பதற்காக வருமானத்தைக் குறைத்து மதிக்கக் கூடாது. ஜீவனாம்சத்தை வருமானமாகக் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் அவள் விருப்பம். தன் வருமானத்திலேயே தகுதி பெறுகிற பெண்ணிடம் கணவன் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு உண்டு. அடமானம் வைக்கிற வீடு இருவர் பேரிலும் இருந்தால் கேட்கலாம். தம்பதியர் சம்பாதித்தது இருவருக்கும் பொது என்று வைத்திருக்கும் கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சில நிலைமைகளிலும் கேட்கலாம்.

அதே 1974-ல், லிண்டி பாக்ஸின் சொந்த மாநிலமான லூசியானாவில், ஒரு கணவன் தம்பதியர் இருவருக்கும் பொதுவான வீட்டை 3,000 டாலர் வக்கீல் கட்டணத்துக்காக அடகு வைத்தான். மனைவிக்குச் சொல்லவே இல்லை. குடும்பச் சொத்துக்குக் கணவனே தலைவன் என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னதால் அதுவும் செல்லுபடியானது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது 1981-ல். தொழில் தொடங்கும் பெண் கடன் வாங்க ஆண் உறவினரின் கையெழுத்து வேண்டும் என்ற மாநில விதிகள் ஒழிந்தது 1988-ல். ஒரே ஆண்டில் கதவு திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அங்கே பெண்கள் வேலைக்குப் போனார்கள் என்று படித்திருக்கிறேன். சரியா?

பதில்: எந்தப் பெண்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கறுப்பினப் பெண்கள் அடிமைமுறை ஒழிந்த நாளிலிருந்து, கல்யாணம் ஆன பிறகும், வயலிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1935-ல் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வந்தபோது சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே நிறுத்தியது. வீட்டு வேலை செய்தவர்களில் ஒரு பகுதியினர் 1950-ல் உள்ளே வந்தார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களைத் தொட 1974 ஆனது. இதைச் சொல்லாமல் ‘அமெரிக்கப் பெண் வீட்டிலிருந்து வெளியே வந்தாள்’ என்று எழுதுவது சரியான வரலாறு அல்ல.

நடுத்தர வெள்ளைக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தடையாக இருந்தது கல்யாணம். மணமான பெண்ணை ஆசிரியையாக எடுக்கமாட்டோம் என்று 1942-ல் பத்துப் பள்ளி வாரியங்களில் எட்டுக்கு மேல் விதி வைத்திருந்தன. ஆள் குறைப்பு வந்தால், கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு வேலையில் இருக்கும் வீட்டில் ஒருவரை முதலில் அனுப்பச் சொன்னது 1932-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அதில் கணவன் மனைவி என்று பிரித்துச் சொல்லவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் மனைவிகள்.

போர் முடிந்ததும் பலர் வேலையை இழந்தார்கள் என்பது சரி. ஆனால் கல்யாணத் தடை நிரந்தரமாக உடைந்ததற்குப் போரோடு இன்னொரு காரணமும் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. 1920, 30-களில் பிறப்பு குறைந்ததால் 1950-களில் மணமாகாத இளம்பெண்கள் போதவில்லை. அலுவலகங்களும் பள்ளிகளும் மணமானவர்களை எடுத்தே தீர வேண்டியதாயிற்று. 1950-ல் பெண்களில் 34 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 1999-ல் அது 60 சதவீதத்தைத் தொட்டது. அதுதான் உச்சம், இன்று 57-ஐ ஒட்டி நிற்கிறது.

கேள்வி: வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்ததால்தான் வேலைக்குப் போக நேரம் கிடைத்ததாமே?

பதில்: உடல் நோவு குறைந்தது, நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. வீட்டோடு இருந்த பெண்கள் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள் என்றும், 1960-களில் அது 55 மணி நேரம் என்றும் சமூகவியலாளர் ஜோன் வானெக் 1974-ல் காட்டினார். துணி துவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் பெரிய துணிகளை வெளியே சலவைக்குப் போட்டன, அல்லது சலவைக்காரி வந்து போனாள். மெஷின் வந்ததும் அந்த வேலை வீட்டுக்காரியிடமே திரும்பியது. வாரம் ஒருமுறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றத் தொடங்கினார்கள். வேலைக்காரி நின்றாள், காரை ஓட்டிக்கொண்டு கடைக்கும் பள்ளிக்கும் போவது புதிதாகச் சேர்ந்தது. மணி உண்மையில் குறைந்தது, பெண்கள் சம்பளத்துக்குப் போனபோது. அவர்கள் செய்யாமல் விட்டதில் ஒரு பங்கை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், மீதி செய்யப்படாமலே போனது.

கேள்வி: பெண் டாக்டர்கள், வக்கீல்கள் திடீரென்று பெருகியது எப்படி?

பதில்: 1970-ல் சட்டக் கல்லூரி முதலாண்டில் பத்தில் ஒருவர் பெண். 1980-ல் மூன்றில் ஒருவருக்கும் மேல். பத்தே ஆண்டில் இப்படி ஏறியதற்கு இரண்டு சாவிகள்.

ஒன்று கருத்தடை மாத்திரை. 1960-ல் அனுமதி கிடைத்தாலும் மணமாகாத பெண்ணுக்கு உடனே எட்டவில்லை. மணமானவர்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் 1965-ல்தான் உறுதி செய்தது, மணமாகாதவர்களுடையதை 1972-ல். இடையில் வாக்களிக்கும் வயது 1971-ல் 18 ஆனது. அதையொட்டி மாநிலங்கள் மற்ற விஷயங்களிலும் 18 வயதை மேஜர் வயதாக்கியதால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மாத்திரை வாங்க முடிந்தது. 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும், அவரோடு ஆய்வு செய்த லாரன்ஸ் கட்ஸும் மாநிலம் மாநிலமாக இந்தத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாலு வருஷம், ஏழு வருஷம் ஆகும் படிப்பில் நடுவில் நின்றுவிடமாட்டோம் என்ற உறுதி வந்ததும் பெண்கள் விண்ணப்பித்தார்கள் என்பது அவர்கள் கண்டது.

இரண்டாவது, 1972-ல் வந்த கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அங்கே எல்லோர் வாயிலும் ‘டைட்டில் நைன்’. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் பாலினம் பார்த்து இடம் மறுக்கக் கூடாது. மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த சில்லறை இடங்கள் என்ற பழக்கம் இதோடு போயிற்று. விளையாட்டில் மாற்றம் இன்னும் கண்கூடு. 1971-72-ல் பள்ளி விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல்.

1981-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓகானர், 1952-ல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தவர். அப்போது ஒரு நிறுவனம் அவருக்குக் கொடுக்க முன்வந்தது செயலாளர் வேலை.

கேள்வி: சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. இன்னும் ஏன் ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் பெண் குறைவாக வாங்குகிறாள்?

பதில்: அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆண்டு முழுக்க முழுநேரம் வேலை செய்யும் எல்லா ஆண்களின் நடுமட்ட வருமானத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது) எல்லாப் பெண்களின் நடுமட்ட வருமானத்தையும் ஒப்பிடுவது அது. 1963-ல் ஒரு டாலருக்கு 59 சென்ட். 2023-ல் 83 சென்ட். பக்கத்து நாற்காலியில் அதே வேலை செய்கிறவரோடு ஒப்பிட்ட கணக்கு அல்ல.

சட்டம் பார்ப்பது பக்கத்து நாற்காலியைத்தான். ஒரே நிறுவனத்தில், திறமையும் உழைப்பும் பொறுப்பும் சூழலும் கணிசமாக ஒன்றாக இருக்கும் வேலைக்கு ஒரே சம்பளம். நிறுவனம் தப்பிக்க நான்கு வழிகள் உண்டு: பணிமூப்பு, தகுதி மதிப்பீடு, செய்து முடித்த அளவு, ‘பாலினம் தவிர்த்த வேறு ஏதாவது காரணம்’. வழக்குகள் பெரும்பாலும் நாலாவதில்தான் சிக்குகின்றன. ஆணின் சம்பளத்தைக் குறைத்துச் சமமாக்குவதற்கு அனுமதி கிடையாது.

நாள் தவறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சம ஊதியச் சட்டத்தின் கீழ் நேரே நீதிமன்றம் போகலாம். இரண்டு வருஷம் கெடு, வேண்டுமென்றே செய்தது என்று காட்டினால் மூன்று. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் என்றால் முதலில் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். அலபாமாவில் டயர் ஆலை மேற்பார்வையாளரான லில்லி லெட்பெட்டருக்கு, தன்னைவிட ஆண்கள் அதிகம் வாங்குவது ஓய்வு பெறும் தறுவாயில்தான், பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டின் மூலம் தெரிந்தது. சம்பளத்தை முடிவு செய்த நாளிலிருந்து 180 நாள் தாண்டிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. தெரியாத ஒன்றுக்குப் புகார் எப்படிக் கொடுப்பது? 2009-ல் அவர் பெயராலேயே வந்த சட்டம், குறைந்த சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்றது.

மீதி இடைவெளியில் பெரும்பங்கு முதல் குழந்தைக்குப் பிறகு விழுகிறது. வாரம் 60 மணி நேரம், கூப்பிட்ட நேரத்தில் வருகிறவருக்கு 40 மணி நேரக்காரரைவிட இரட்டிப்புக்கும் மேல் கொடுக்கும் வேலைகளில் இடைவெளி பெரிது. மருந்தாளுநர் வேலையில் சிறிது: ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கணினிப் பதிவைப் பார்த்துத் தொடரலாம், அதனால் குறைந்த மணி நேரம் வேலை செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கான கூலி அதிகம் இறங்குவதில்லை. பெண்களின் துணிச்சலைப் பற்றிப் பேசுவதைவிட வேலையை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்ப்பது பயன்படும்.

கேள்வி: இவ்வளவு பணக்கார நாட்டில் பேறுகால விடுப்புக்குச் சம்பளம் கிடையாது என்கிறார்களே?

பதில்: நாடு முழுமைக்குமான சட்டத்தில் கிடையாது. இதை எழுதும்போதே மனம் கசக்கிறது.

எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று பாருங்கள். கிளீவ்லாந்தில் கர்ப்பிணி ஆசிரியை பேறுகாலத்துக்கு ஐந்து மாதம் முன்பே சம்பளமில்லாமல் வெளியேற வேண்டும், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் வரை திரும்பக் கூடாது என்று விதி இருந்தது. 1974-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற சட்டம் 1978-ல் வந்தது. அரசுப் பணத்தில் நாடு முழுக்கக் குழந்தைக் காப்பகங்கள் அமைக்கும் மசோதா 1971-லேயே காங்கிரசில் தேறியது. அதை அதிபர் நிக்சன் தடுப்பதிகாரத்தால் கொன்றார். அந்த இடம் இன்னும் காலி.

1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், சம்பளமில்லாமல். பழைய வேலை அல்லது அதற்கு நிகரான வேலை திரும்பக் கிடைக்கும், மருத்துவக் காப்பீடு தொடரும். ஆனால் வேலையிடத்திலிருந்து 75 மைலுக்குள் நிறுவனத்துக்கு 50 ஊழியர் இருக்க வேண்டும், அவள் 12 மாதம் பணியாற்றியிருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். எடுத்த லீவு இந்த மணிக்கணக்கில் சேராது. பத்து ஊழியர்களில் நாலு பேருக்கு மேல் இந்த வலைக்கு வெளியே இருக்கிறார்கள்.

தெரியாமல் சறுக்கும் இடங்கள் சில. முன்கூட்டித் தெரிந்த பேறு என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குழந்தையோடு இருப்பதற்கான விடுப்பை ஒரு வயதுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். அதைத் தொடர்ச்சியாக எடுக்காமல் பகுதி பகுதியாக எடுக்க நிறுவனத்தின் சம்மதம் தேவை. கணவன் மனைவி ஒரே நிறுவனத்தில் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே 12 வாரம் என்று நிறுவனம் சொல்லலாம்.

சம்பளத்துடன் விடுப்பு கொடுப்பதில் மாநிலங்கள் முந்திக்கொண்டன. கலிஃபோர்னியா 2004-லும், நியூ ஜெர்சி 2009-லும், நியூயார்க் 2018-லும் தொடங்கின. அங்கே வேலை செய்பவள் வேறு, டெக்சாசில் வேலை செய்பவள் வேறு என்ற நிலை இதனால் வந்தது. கருக்கலைப்பிலும் அப்படித்தான். 1973-ல் கிடைத்த நாடளாவிய உரிமையை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு, அம்மாவுக்கு இருந்த உரிமை பல மாநிலங்களில் மகளுக்கு இல்லை.

கேள்வி: அங்கே விவாகரத்து ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறதல்லவா?

பதில்: இல்லை, நாற்பது ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது. ஆயிரம் பேருக்கு 1960-ல் 2.2, 1981-ல் 5.3, 2022-ல் 2.4. கல்யாணமே குறைந்ததும் தாமதமானதும் இதற்குக் காரணம். 1950-ல் பெண்ணின் முதல் திருமணத்துக்கான நடு வயது 20. இப்போது 28-ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி: வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முதுமையில் விவாகரத்தாகும் பெண்ணுக்கு அங்கே என்ன பாதுகாப்பு?

பதில்: அங்கு வாழும் மகளோ தங்கையோ இருந்தால் இந்தப் பதிலை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், அதிகம் சம்பாதித்த 35 வருஷத்தின் சராசரியிலிருந்து வருவது. 22 வருஷம்தான் வேலை செய்தாள் என்றால் 13 வருஷம் பூஜ்யமாக உட்கார்ந்து சராசரியை இழுக்கும். இதற்கு மாற்றாக, முழு ஓய்வு வயதில் (1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 67) கணவனின் தொகையில் பாதி வரை பெறலாம். 62-லேயே வாங்கினால் அது 32.5 சதவீதமாகச் சுருங்கும். தன்னுடையது, கணவன் வழி வருவது இரண்டையும் கூட்டித் தரமாட்டார்கள். எது அதிகமோ அந்த அளவுதான்.

விவாகரத்தானவளுக்கும் இது உண்டு, கல்யாணம் 10 வருஷம் நீடித்திருந்தால். 1979-க்கு முன் 20 வருஷம் கேட்டார்கள். ஒன்பது வருஷம் பதினோரு மாதத்தில் தீர்ப்பு வந்தால் ஒன்றும் கிடையாது. எத்தனையோ பேர் ஒரு மாதத்தில் இதை இழந்திருக்கிறார்கள், ஆகவே தேதியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இவளுக்கு 62 ஆகியிருக்க வேண்டும், மறுமணம் செய்திருக்கக் கூடாது. அவனுக்கும் 62 ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தாகி இரண்டு வருஷம் கடந்திருந்தால் அவன் விண்ணப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இவள் வாங்குவதால் அவனுக்கோ அவன் இப்போதைய மனைவிக்கோ ஒரு சென்ட்கூடக் குறையாது. அவனிடம் கேட்கவும் வேண்டாம்.

நிறுவன ஓய்வூதியம் தனி. 1984 வரை, தான் இறந்தபின் மனைவிக்கு ஓய்வூதியம் வேண்டாம் என்று கணவன் அவளுக்குத் தெரியாமலே எழுதிக் கொடுக்க முடிந்தது. அவன் இருக்கும்வரை மாதத் தொகை சற்று கூடும், அவன் இறந்த மாதமே நின்றுவிடும். அந்த ஆண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு மனைவி எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு நோட்டரியோ திட்ட அதிகாரியோ சாட்சி. விவாகரத்துத் தீர்ப்பில் பங்கு எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஓய்வூதியத் திட்டம் ஏற்கும் தனி உத்தரவை நீதிமன்றத்தில் வாங்கி நிர்வாகத்திடம் சேர்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு, இடையில் அவன் இறந்தபின் அலைகிறவர்கள் உண்டு.

கேள்வி: அமெரிக்க ஆவணங்களில் ஒரு பெண்ணைத் தேடும்போது கணவன் பெயர்தான் வருகிறது. அவள் சொந்தப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மனைவியை ‘மிஸஸ்’ போட்டுக் கணவனின் முழுப்பெயரால் எழுதியதால் வரும் சிக்கல் இது. பழைய நகர விவரப் புத்தகங்களில் கணவன் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மனைவியின் முதற்பெயர் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து, மாவட்ட அலுவலகத்தில் திருமண உரிமம். மக்கள்தொகைக் கணக்கின் தனிநபர் விவரம் 72 வருஷம் கழித்தே வெளிவரும், இப்போது 1950 வரை பார்க்கலாம்.

குடியுரிமைக் கோப்பு கிடைக்கவில்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். 1922 வரை வெளிநாட்டு மனைவி கணவனோடு சேர்ந்தே குடிமகளானாள், தனிக் கோப்பு இருக்காது. 1907 முதல் 1922 வரை வெளிநாட்டவனை மணந்த அமெரிக்கப் பெண், பிறந்த மண்ணிலேயே குடியுரிமையை இழந்தாள். குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று வைத்திருந்த ஆசியர்களை மணந்தவளுக்கு இது 1931 வரை நீடித்தது.

கடைசியாக, 1936-க்குப் பிறகு வேலைக்குப் போனவள் என்றால், சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு அவள் கொடுத்த விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். எஸ்எஸ்-5 என்று பெயர். இறந்தவருடையது என்றால் கட்டணம் கட்டி வாங்கலாம். பிறந்தபோது வைத்த முழுப்பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், வேலை கொடுத்தவர் என்று ஒரே தாளில் வரும், அடியில் அவள் போட்ட கையெழுத்தோடு.